தோப்பு வாசலில் ரோடு ரோலர்

போன ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவி ரோட்டில் இருக்கிற என் மச்சினன் செல்லையாவின் தென்னந்தோப்பு வாசலில், என் ரோடு ரோலரைக் குறுக்கே நிறுத்தினேன். டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

சீசன் நேரம். பின்னால் டூரிஸ்ட் வேன்கள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன. செல்லையா தலையில் துண்டோடு ஓடி வந்தான்.

“அத்தான்! கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு? வண்டியெல்லாம் எங்கன நிக்கும்?”

“எங்கனயும் நிக்கட்டும்லே. இங்கன நிக்காது!”

ஏன் இந்த அடாவடி? சொல்கிறேன்.

செல்லையாவுக்குப் பிழைப்பே அந்தத் தோப்புதான். நாலைந்து சீசனாக அதில் காசு வாங்கிக்கொண்டு வேன் நிறுத்த விடுகிறான். இப்போது குரும்பை உதிர்கிறது, மட்டை தொங்குகிறது. தண்ணீர் போதவில்லை என்று மோட்டாரைப் போட்டுப் பாய்ச்சினான். தண்ணீர் தளும்பி நின்றது... மரம் வாடியே நின்றது. ‘மரத்துக்கு வயசாயிட்டு, வெட்டிரலாம்’ என்று முடிவு கட்டிவிட்டான். திங்கட்கிழமை வரச் சொல்லி மரம் வெட்டுகிறவருக்குச் சொல்லியும் விட்டான்.

என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. “தோப்பை வெட்டிட்டு என் தம்பி எதை வச்சுப் பொழைப்பான்? பெரிய ஆளு, பெரிய ஆளுன்னு சொல்லுதீயளே... போய்த்தான் பாருங்களேன்!”

போனேன். சாரல் அடிக்கிறது. டயர் தடமெல்லாம் குட்டை. கடப்பாரையை ஓங்கிக் குத்தினேன் — ‘ணங்’ என்றது! மேலே சேறு. ஒரு சாண் தோண்டினால் உள்ளே காய்ந்த மண், ஓட்டாஞ்சில்லு மாதிரி.

குற்றாலத்தில், கொட்டுகிற சாரலில், ஒரு தென்னை தாகத்தில் சாகிறது என்றால் நம்புவீர்களா?

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஐந்தாம் கிளாஸ்கூட முடிக்காதவன் நான். ஜல்லி சுமக்கிற கூலியாக வந்து, சொந்த ரோலர் வாங்கினவன். சுரண்டை, கடையம் பக்கமெல்லாம் நான் போட்ட ரோட்டில் ஓடாத பஸ் உண்டா? மண்ணை இறுக்குகிற வித்தையில் இந்த வட்டாரத்தில் எனக்கு மேல் ஆள் கிடையாது — தற்பெருமை இல்லை, உண்மை!

ரோடு போட நாங்கள் என்ன செய்கிறோம்? மண்ணில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் ரோலரை ஏற்றுகிறோம். ஈர மண்தான் நன்றாக இறுகும். உள்ளே இருக்கிற சந்து பொந்தெல்லாம் அடைபட வேண்டும், மழை இறங்கக் கூடாது. தோப்பிலும் அதே கதைதான். சாரல் தண்ணீர் தெளித்தது... வேன்கள் ரோலர் வேலை பார்த்தன!

அப்புறம் தண்ணீர் எங்கே தங்கும்? வேர் எங்கே நுழையும்? உள்ளே மிச்சமிருக்கிற ஈரத்தையும் இறுகின மண் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வேர் கெஞ்சினாலும் விடாது.

இதைச் சொன்னால் செல்லையா சிரிக்கிறான். “கேட்டீயளா கதையை? ரோட்டுக்காரர் தென்னைக்கு வைத்தியம் பாக்குதாரு!”

சிரிக்கட்டும். ரோலர் வாசலை அடைத்து நிற்க, என் ஆட்களோடு நானும் மம்பட்டி பிடித்தேன். ஒரே ஒரு மரம். தூரை விட்டுத் தள்ளி, வேர் அறுபடாமல், சுற்றிலும் கடப்பாரையால் நெம்பிப் பொலபொலவென்று ஆக்கினோம். காய்ந்த தழையையும் தேங்காய் மட்டையையும் போட்டு மூடினோம். பொழுது சாய்ந்துவிட்டது. அதற்கப்புறம் நல்ல மழை.

திங்கட்கிழமை காலையில் மற்ற மரங்களின் அடியில் குட்டை அப்படியே கிடந்தது. எங்கள் மரத்தடியில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. செல்லையா குனிந்து மண்ணுக்குள் கையை விட்டான். மணிக்கட்டு வரை இறங்கியது. கை நிறைய ஈர மண்ணோடு எழுந்தான்.

அந்த நேரம் பார்த்து மரம் வெட்டுகிறவர் ரம்பத்தோடு வந்துவிட்டார். “எந்த மரத்துல ஆரம்பிக்க, தம்பி?”

செல்லையா கையிலிருந்த மண்ணை எங்கள் மரத்தடியிலேயே போட்டான்.

“அண்ணாச்சி, ரம்பத்தை அங்கன சாத்தி வச்சுட்டு, ஒரு மம்பட்டியை எடுங்க” என்றான் செல்லையா. “நெறய மரம் கெடக்கு.”

நாளைக்கே குலை தள்ளிவிடும் என்று நான் அளக்க மாட்டேன். தென்னை நிதானமான ஜீவன். தேற வருஷக் கணக்காகும். ஆனால் அதுவரை ஒரு வேன் உள்ளே வராது. ஹாரன் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும்!

அருவியில் குளிக்க வருகிறவர்கள் வண்டியை எட்ட நிறுத்திவிட்டு நடந்து வரலாம்... மரத்தால் நடக்க முடியாதே!