மனைவி மேல் பந்தயம் கட்ட ஒரு நல்ல ஆப்

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இன்று காலை முழுவதும் என் மனைவி மேல் பந்தயம் கட்ட ஒரு நல்ல ஆப் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் பிஸ்கட்டவேயில் அவளுடைய வில்வித்தை கிளப்பில் போட்டி. நியூ ஜெர்சியில் உரிமம் உள்ள ஆப்களாகப் பார்த்துத் துழாவினேன். ஒன்றில் வில்வித்தையே இல்லை. இன்னொன்றில் உண்டு, ஆனால் ஒலிம்பிக்குக்கு மட்டும்.

விடுவேனா? "எங்கள் வசந்தியை எப்போது சேர்ப்பீர்கள்?" என்று அவர்களுக்கு எழுதிக் கேட்டேன்.

"எந்த நாட்டு அணி, சார்?" என்று பதில் வந்தது.

அம்புகளைத் துடைத்துக்கொண்டிருந்த வசந்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, என்னை வச்சு சூதாடப் போறீங்களா?"

"உன்னை வச்சு இல்லம்மா, உன் மேல!"

"ரெண்டும் ஒண்ணுதான். போனைக் கீழ வைங்க. என் கையில வில்லு இருக்கு."

வைத்துவிட்டேன்.

போட்டியில் அவளுடைய கடைசி அம்பு இலக்கின் நடு மஞ்சளில் போய்க் குத்தியது. தங்கப் பதக்கம்! கிளப்பே திரும்பிப் பார்க்கும்படி விசில் அடித்தது நான்தான்.

அவளைச் சேர்க்காத ஆப்காரர்கள் பிழைத்தார்கள். வேறு நல்ல ஆப் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று: ஐம்பது தாண்டிய பெண்கள் பிரிவில் போட்டியிட்டது வசந்தி மட்டும்தான்.