கொக்கி மாட்டிய பிள்ளைகளோடு ஐந்து நாள்: மும்பை – மாண்ட்வா – முருட்

பிப்ரவரி கடைசி வாரம் ஐந்து நாள் ஒரு பாய்மரப் படகில் இருந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, வேலைக்குப் போனேன். காயத்ரி அக்காவும் ரகு சாரும் மாட்டுங்காக்காரர்கள். மழைக்காலம் போக மீதி மாதமெல்லாம் படகில்தான் குடித்தனம். அர்ஜுனுக்கு ஐந்து வயது, தாராவுக்கு இரண்டரை. மார்ச்சில் கோவா வழியாகக் கொச்சி வரை இரண்டு மாதப் பயணம் போகிறார்கள், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். ஐந்து நாள் வந்து பார், சரிப்பட்டால் மார்ச்சுக்கும் நீயே என்றார் அக்கா.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு படகில் எப்படி என்று அவரிடம் பலர் கேட்கிறார்களாம். நீ பார்த்ததை எழுது மாரி என்றார். எழுதுகிறேன். தூரக் கணக்கெல்லாம் சார் சொன்னது. எனக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது.

தாராவியிலிருந்து காலை 5.40-க்கு நடந்து சயான் ஸ்டேஷன். சிஎஸ்டிக்கு டிக்கெட் பத்து ரூபாய். அங்கிருந்து கேட்வே படகுத்துறைக்கு டாக்ஸி அறுபது. பஸ்ஸில் போனால் பத்து, ஆனால் கையில் இரண்டு பை. படகு கரையில் நிற்காது, கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் கட்டியிருக்கும். சின்ன மோட்டார் படகில் பத்து நிமிடம். அதை ஓட்டியவர் என் சேலையைப் பார்த்துவிட்டு, "தீதி, ஷாதி மே ஜா ரஹி ஹை க்யா?" என்று கேட்டார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரித்தான் கட்டியிருந்தேன். படகு மாறும்போது முந்தானை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. சுடிதார் போட்டுப் போங்கள். அதிலும் துப்பட்டா வேண்டாம்.

படகு முப்பத்தெட்டு அடி நீளம். உள்ளே நாலு படி இறங்கினால் சமையல் மேடை, மேசை, முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு படுக்கை அறை. படுக்கைக்கு அடியில் அரிசி, மேசைக்கு அடியில் துணி. எங்கள் வீட்டில் இருந்து பழகியவர்களுக்கு இது புதுசில்லை. அடுப்பு மட்டும் புதுசு. ஊஞ்சல் மாதிரி தொங்கும், படகு சாய்ந்தாலும் பால் சிந்தாது. தண்ணீர் முந்நூறு லிட்டர், ஐந்து பேருக்கு ஐந்து நாள். நான் கடைசியில் எழுபது லிட்டர் மிச்சம் வைத்தேன். குழாயில் மூன்று மணி நேரம் மட்டும் தண்ணீர் பார்த்தவளுக்கு அது பெரிய காரியமில்லை.

மேலே வரும் பிள்ளைக்கு பெல்ட். தோளிலும் இடுப்பிலும் சுற்றி வரும். அதிலிருந்து ஒரு மீட்டர் கயிறு, நுனியில் கொக்கி. படகின் இரண்டு பக்கமும் ஓடும் பட்டை நாடாவில் கொக்கியை மாட்ட வேண்டும். கடைசிப் படியில் நிற்கும்போதே மாட்டிவிட வேண்டும், மேலே வந்த பிறகு இல்லை. இது சார் போட்ட சட்டம். கடையில் வாங்கியது தாராவுக்குப் பெரிதாக இருந்ததால், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பை தைக்கும் பட்டறையில் அக்கா தைக்கக் கொடுத்தார், தைத்தது வீட்டுக்காரர்தான். அப்படித்தான் எங்களைத் தெரியும். ஆள் வேண்டும் என்று அக்கா கேட்டபோது, என் வீட்டுக்காரி வருவாள் என்று அவர்தான் சொன்னார். ஏன் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் அப்போது சொல்லியிருக்கவில்லை. எங்கள் குடியிருப்பு மாடியில். வெளிப்பக்கம் இரும்பு ஏணி, பதினோரு படி. எனக்கு வேலை இருக்கும்போது சின்னவள் முத்துச்செல்வியின் இடுப்பில் பழைய சேலையைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் கட்டுவேன். சந்தில் நிறைய வீட்டில் அப்படித்தான். போன செப்டம்பரில் ஐரோலியிலிருந்து வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம் வந்தது. "ஏட்டி மாரி, பிள்ளைய என்னத்துக்கு ஆட்டக் கட்டுன மாதிரி கட்டிப் போட்டிருக்க?" என்றார் மதினி. வெட்கமாகப் போய்விட்டது. அவிழ்த்துவிட்டேன். டீ வடிகட்டித் திரும்புவதற்குள் ஏணிப் பக்கம் போய்விட்டாள். இரண்டு வயது எட்டு மாதம்தான் இருந்தாள். இதைச் சொன்னால் யார் பிள்ளையைக் கையில் கொடுப்பார்கள்? அதனால் சொல்லவில்லை.

முதல் நாள் 8.15-க்குப் பாய் ஏற்றினார்கள். மாண்ட்வா ஒன்பது கடல் மைல், அதாவது பதினாறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 11.30-க்குப் போய்ச் சேர்ந்தோம். நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். "மாரி மாசி, தூரமா கரையைப் பாருங்கோ, கீழ பாக்காதீங்கோ" என்று அர்ஜுன் சொன்னான். பார்த்தேன், நின்றது. தாரா என் மடியில் உட்கார்ந்தாள். கனம் பழகிய கனமாக இருந்தது. கொக்கியை இழுத்துப் பார்த்தேன். அன்று எத்தனை தடவை இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது, அர்ஜுன் எண்ணியிருக்கிறான். நாற்பத்தொரு தடவையாம்.

மறுநாள் 6.30-க்குக் கிளம்பி முருட். முப்பத்திரண்டு மைல், ஏழு மணி நேரம். காலையில் கரையிலிருந்து காற்று, மதியம் கடலிலிருந்து. போகும்போது காற்று முதுகுக்குப் பின்னால் இருப்பதால் சுகம். திரும்பும்போது எதிரே அடிக்கும், மோட்டார் போட்டும் பதினொரு மணி நேரம் ஆனது. பிள்ளைகளுக்கு இட்லி, பொரி, வாழைப்பழம் போதும். எண்ணெய்ச் சாமான் கொடுக்காதீர்கள். காலையில் இரண்டு மணி நேரம் அர்ஜுனுக்கு மேசையில் பாடம். தாரா அதற்குள் பென்சிலை எல்லாம் கடலில் போட்டுவிடுவாள். மூன்றாம் நாள் முருட் கரையில் இறங்கியபோது, மணலில் நின்றுகொண்டு மாட்ட இடம் தேடிக் கொக்கியை என்னிடம் நீட்டினாள். என் சுடிதார் நாடாவில் மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மாண்ட்வாவில் நங்கூரம். மாட்டுங்காவிலிருந்து ரகு சாரின் அண்ணனும் மன்னியும் ஃபெரியில் சாப்பாட்டோடு வந்தார்கள். தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மன்னி உட்கார்ந்ததும் தாராவைப் பார்த்தார்.

"என்ன காயத்ரி இது, குழந்தையைக் கன்னுக்குட்டி மாதிரி கட்டி வெச்சிருக்கேள்? படகு நின்னுண்டுதானே இருக்கு. அவுத்து விடு, எங்கிட்ட வரட்டும்."

அக்கா முகம் சிவந்துவிட்டது. "சும்மா பழக்கத்துக்குத்தான் மன்னி" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். நான் கொக்கியின் மேல் கையை வைத்தேன்.

"வேண்டாம்க்கா."

"நங்கூரம் போட்டிருக்கு மாரி. கொஞ்ச நேரம்தான்."

"கொஞ்ச நேரம்தான்க்கா. அதான் வேண்டாம்ங்கேன்."

மன்னி தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "இங்க யாரு சம்பளம் குடுக்கறா, யாரு வாங்கறான்னே தெரியலையே" என்றார்.

"பெரிம்மா, உங்களுக்கும் பெல்ட் உண்டு. அப்பா ரூல்" என்றான் அர்ஜுன்.

"அவளுக்கு சைஸ் கெடைக்காதுடா" என்றார் பெரியப்பா. மன்னி அவரை முறைத்தார். நான் கையை எடுக்கவில்லை. அக்கா நிமிர்ந்துவிட்டார். தாரா கயிற்றோடேயே நடந்து போய் மன்னி மடியில் உட்கார்ந்தாள். கயிறு எட்டியது.

அன்று கடல் அசையவேயில்லை. அவிழ்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அவிழ்த்துவிட்டு ஒன்றும் ஆகாத நாள் எத்தனையோ.

மூன்று மணிக்கு அவர்கள் போன பிறகு, பாத்திரம் கழுவும்போது, "என்னை ஏன் அப்படி நிறுத்தினே?" என்று அக்கா கேட்டார். குரலில் கோபம் இருந்தது. ஏணி, சேலை, டீ, எல்லாம் சொன்னேன். நாலு வரிதான் வந்தது. அக்கா என் கையிலிருந்த தட்டை வாங்கினார். மிச்சப் பாத்திரத்தை அவரே கழுவினார். வேலை போயிற்று என்று நினைத்து என் பையைக் கட்டினேன்.

கரையில் ஃபெரி டிக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். "பதினஞ்சாம் தேதி காலைல ஏழு மணி, கேட்வே. மன்னிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். ஒரு மணி நேரத்தில் கேட்வே. எட்டு மணிக்கு வீடு.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தையல் விட்டுச்சா?"

"விடல. கொக்கிப் பக்கம் மட்டும் என்னத்துக்கு அஞ்சு வரி ஓட்டிருக்கீங்க?"

"நூலு மிச்சம் கெடந்துச்சு" என்றார்.

போகிறவர்களுக்கு: நவம்பரிலிருந்து மே நடு வரை போகலாம், மழையில் முடியாது. பிள்ளைக்கு இரண்டு பெல்ட் வேண்டும், உப்புத்தண்ணீரில் நனைந்தது காய ஒரு நாள் ஆகும். தையலை தினம் காலையில் இழுத்துப் பாருங்கள். விருந்தாளி வருவதாக இருந்தால் கரையிலேயே சொல்லிவிடுங்கள், பிள்ளை கட்டித்தான் இருக்கும் என்று. வந்து உட்கார்ந்த பிறகு சொல்ல வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். அவிழ்க்காதீர்கள்.