நோம்பிக்குப் போன பிலோமினா

எனக்கு இரண்டு பெயர். மலைமேல் பிலோமினா, கீழே இறங்கினால் மீனா. போலீஸ் தேடுகிற ஆட்களுக்குத்தான் இப்படி இருக்கும் என்று என் கணவர் சொல்வார். அவருக்கு ஒரே பெயர்; அதைக் கூப்பிட்டாலே பாதி நேரம் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆகவே இந்த விஷயத்தில் அவர் கருத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை.

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக் கழற்றாமலே, “அம்மா, நாம யாரு?” என்றாள். கம்பம்மெட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்று இடது பக்கம் பார்த்தால் தமிழ்நாடு, வலது பக்கம் பார்த்தால் கேரளம். சாமி அலமாரியில் மாதாவும் இருக்கிறாள், மாரியாத்தாவும் இருக்கிறாள். கேள்வி நியாயமானதுதான். “பசிச்ச ஆளுங்க. போய்க் கைகழுவு” என்று சொல்லிச் சமாளித்தேன். அப்போதுதான் என் இரண்டாவது பெயர் வந்த கதை நினைவுக்கு வந்தது.

என் அப்பா சூரியநெல்லிப் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலைக்கு வேலைக்கு வந்த கத்தோலிக்கக் குடும்பம். அம்மாவோ பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைக்கும் அப்பால், தென்னந்தோப்பும் கடலைக்காடும் உள்ள வீட்டுப் பெண். ஏலச்செடிக்குப் போட ஆட்டெரு ஏற்றிவர அந்தப் பக்கம் போய்வந்துகொண்டிருந்த அப்பா, ஒரு நடையில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ‘என்ற தங்கச்சியையும் எருவோட எருவா வாரிட்டுப் போயிட்டான்’ என்று என் மாமா ஊர் முழுக்கச் சொன்னாராம். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் தெரேசா என்று பெயர் வைத்தார்கள். அவளும் குறைவைக்கவில்லை. ஜெபமாலை சொன்னாள், பாட்டுக்குழுவில் பின்வரிசையில் நின்று பாடினாள். ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கெல்லாம் கறி ஆக்கிப் போட்டுவிட்டு, அவள் மட்டும் ரசம் ஊற்றிச் சாப்பிடுவாள். கேட்டால் “எனக்கு ஆகாது” என்பாள். எனக்கு மகிழ்ச்சிதான், என் பங்கு கூடும். அப்புறம், மாசி முடிகிற நாட்களில் உலைப்பானையைப் பார்த்து, “இந்நேரம் ஊர்ல நோம்பி சாட்டியிருப்பாங்க” என்று வருஷந்தோறும் சொல்வாள். எங்களிடம் அல்ல, பானையிடம்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்து வரிசையில் நோம்பு என்றால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். மலையாளிகளோடு பழகிப் பழகி நாங்களும் நோம்பு என்றே சொல்வோம். நோம்பு தொடங்கிவிட்டால் கறி கிடையாது, அப்பாவுக்குப் பீடி கிடையாது. நானோ வேதபாட வகுப்பில் முதல் ஆள். பத்துக் கட்டளைகளையும் மூச்சுவிடாமல் சொல்வேன். அவற்றை மற்றவர்கள் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை என்று நானே நியமித்துக்கொண்டிருந்தேன். நோம்பில் எந்த வீட்டில் கறி வெந்தாலும் என் மூக்குக்குத் தெரிந்துவிடும். லயத்தில் எனக்குச் ‘சின்ன அச்சன்’ என்று பெயர். பங்குச் சாமியாரைத்தான் அங்கே அச்சன் என்போம். கேலிக்கு வைத்த பெயர் என்பது எனக்குத் தெரியாது. பெருமையாக நடப்பேன்.

அந்த வருஷ நோம்பின்போதுதான் லயத்துக் கடைக்கு எங்களைக் கேட்டு ஃபோன் வந்தது. அப்பா லாரியில், அம்மா கொழுந்தெடுக்க மேலே. கடைக்காரர் கூவியதும் நான் ஓடினேன்.

“ஆருங்க?” என்றது ஒரு ஆண் குரல்.

“பிலோமினா.”

“ஆரு? செரி உடு. அம்மா இருக்குதா கண்ணு? நான் உன்ற மாமன் பேசறேன்.”

“எனக்கு மாமன் கிடையாதே” என்றேன். வீட்டில் யாரும் சொன்னதில்லையே.

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது. “இருக்கறேன் கண்ணு. என்ற பையனுக்கு அம்மை போட்டு, கண்ணே தொறக்காம கெடந்தான். பொழைச்சு எந்திரிச்சா தங்கச்சியக் கூட்டியாந்து உன்ற முன்னால நிறுத்தறேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். எந்திரிச்சுட்டான். வார செவ்வாக்கெழமை நோம்பி. அப்பனையும் கூட்டிக்கிட்டு வந்து சேரோணும்னு அம்மாகிட்டச் சொல்லு. நோம்பி. மறந்துபோடாத!”

மறக்கக்கூடாதென்று “நோம்பி, நோம்பி” என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தேன். வழியில் எந்தத் தேயிலைச் செடியில் அந்த ‘பி’ மாட்டிக்கொண்டதோ, வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் வாயில் நோம்புதான் இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போது அறிவித்தேன். எல்லோரும் என்றால் அப்பா, அம்மா, அடுத்த கதவில் குடியிருந்த அத்தை. அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் இரண்டு வீட்டின் விசுவாசத்துக்கும் அவள்தான் பொறுப்பு. நான் அவளுக்குக் கீழே வேலைபார்த்தேன்.

“கொழிஞ்சாம்பாறையில இருந்து மாமா பேசுனாவ. செவ்வாக்கிழமை நோம்பாம். எல்லாரையும் வரச் சொல்லுதாவ.”

அத்தை வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்தாள். “நோம்பா? அவியளா? ஏட்டி, நல்லாக் கேட்டியா?”

“நோம்புன்னுதான் ரெண்டு வாட்டி சொன்னாவ. மறக்காதன்னும் சொன்னாவ.”

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அம்மாவின் ஊரில் நோம்பி என்றால் திருவிழா. அதையே அத்தையின் ஊரில் கொடை என்பார்கள். ‘மாரியம்மன் கொடைக்குக் கூப்பிடுதாவ’ என்று நான் சொல்லியிருந்தால் அத்தை கதவில் குறுக்கே படுத்திருப்பாள். நோம்பி என்ற சொல்லையோ அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

அம்மா அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அப்பா கூரையைப் பார்த்தார்.

“என்னக்கா செய்ய? நோம்பு நாள்ல கூப்பிடுத ஆளுவள வேண்டாம்னு சொல்லலாமா?”

“போயிட்டு வாங்கல. ஆண்டவரு அவிய மனசத் தொட்டுட்டாரு” என்று அத்தை கண்ணைத் துடைத்தாள். மனந்திரும்பிய அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லித் தன் வீட்டுச் சுவரிலிருந்த மாதா படத்தையே கழற்றித் தந்தாள். கண்ணாடிச் சட்டம் போட்டது. மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி அதை மடியில் சுமந்துகொண்டு போனவள் நான்.

ஊரில் இறங்கியதும் நோம்பில் வாடிய முகங்களைத் தேடினேன். மஞ்சள் பூசிய முகங்கள் வந்தன. தெருவெங்கும் வேப்பிலைத் தோரணம், பறைச்சத்தம், ஒரு பலூன்காரன். வேப்பமரத்தில் ஒரு கிடாய் மாலையோடு நின்று என்னைப் பார்த்தது. இது என்ன மாதிரி நோம்பு என்று நானும் அதைப் பார்த்தேன்.

“தெய்வா!” என்று யாரோ கூப்பிட்டார்கள். அம்மா சட்டென்று திரும்பினாள். அந்தப் பெயரில் ஒருத்தி எங்கள் வீட்டில் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

மாமா வாசலில் நின்றிருந்தார். அப்பாவை விடப் பெரிய மீசை, அப்பாவை விட அதிகக் கூச்சம். “வாங்க மாப்பிள்ளை” என்பதை அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் எங்கள் பையைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம் குனிந்தார்.

“பேரென்ன கண்ணு?”

“பிலோமினா.”

“என்ன மீனாவா? நல்ல பேரு! ஏனுங்க, தங்கச்சி புள்ள மீனா வந்திருக்குது பாருங்க!” என்று ஊருக்கே அறிவித்தார். திருத்துவாள் என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் மாவிளக்குத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

அம்மா திரும்பி வந்ததும் மாதா படத்தைக் கொடுத்தோம். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கினார். “எந்தூரு ஆத்தாளுங்க?”

“எங்கூரு ஆத்தாதாங்கண்ணா” என்றாள் அம்மா. மாமா குங்குமம் வைத்து, மாரியாத்தா பக்கத்தில் ஒரு ஆணி அடித்து மாட்டினார். அப்பாவுக்கு இருமல் வந்தது.

மத்தியானம் பந்தி. அதற்குள் வேப்பமரத்தடி காலியாகியிருந்தது. அப்பாவின் இலையில் மாமா தன் கையாலேயே கறி எடுத்துவந்து குனிந்தபோது, அப்பா இரண்டு கையாலும் இலையை மூடினார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. “எங்கூட்டுச் சோறு ஆகாதுங்களா?”

சின்ன அச்சன் சும்மா இருப்பாளா? எழுந்து நின்றேன். “நோம்புக்குக் கறி தின்னா பாவம்!”

பந்தியே சிரித்தது. “கறி திங்காம எதுக்கு அம்மிணி நோம்பி?” என்று எதிர்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் காது சிவந்திருந்தது. “புடிக்கலீன்னா வராமயே இருந்திருக்கலாமுங்க, மாப்பிள்ளை” என்றார் மெதுவாக. இன்னொரு வார்த்தை யார் பேசினாலும் நாங்கள் அடுத்த பஸ்ஸில் இருப்போம் என்று எனக்கே புரிந்தது.

தண்ணீர்ச் சொம்போடு வந்த அம்மா அங்கேயே நின்றாள்.

“அண்ணா, அவிங்க காப்புக் கட்டியிருக்காங்க.”

அந்த ஊரில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியவர்கள், அதை அவிழ்க்கும்வரை கவிச்சி தொடமாட்டார்கள். அவர்களை வற்புறுத்துவதும் பாவம்.

மாமா அப்பாவின் கையைப் பார்த்தார். “கையில காணமே?”

“எங்க ஊர்ல கழுத்துல கட்டுவாங்க” என்றாள் அம்மா.

அப்பாவின் சட்டைக்குள்ளிருந்து உத்தரியக் கயிறு எட்டிப்பார்த்தது. மாதா பேரில் கத்தோலிக்கர் அணிவது. கயிற்றின் முனையில் சின்னத் துணித்துண்டு. மாமா குனிந்து அதை இரண்டு விரலால் தொட்டார். “ஆத்தா கயிறுங்களா?”

“ஆமா மச்சான். ஆத்தா கயிறுதான்” என்றார் அப்பா.

மாமா கரண்டியை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “காப்புக் கட்டுனவீங்களப் போயிக் கறி திங்கச் சொல்லிப்போட்டனே! அடேய், மாப்பிள்ளைக்குப் பருப்பும் தயிரும் கொண்டாங்கடா!” பிறகு அப்பாவின் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, முதல்முறையாக முகத்தைப் பார்த்துப் பேசினார். ஆட்டெரு விலை பற்றித்தான்.

என் இலையில் கறி வந்து விழுந்திருந்தது. மணம் மூக்கைத் துளைத்தது. நான் பாவமாக அம்மாவைப் பார்த்தேன். அவள் என் காதருகே குனிந்தாள். “மீனா தின்னலாம். பிலோமினாதான் தின்னக்கூடாது.”

இதற்கு வேதபாடத்தில் இடமுண்டா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் மீனா தின்ன ஆரம்பித்துவிட்டாள். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாள்.

வயிறு நிறைந்ததும் பிலோமினா திரும்பி வந்தாள். கடைசிப் பந்தியில் அம்மா உட்கார்ந்தபோது, கண்காணிக்கப் பக்கத்தில் போய் நின்றேன். மாமாவே பரிமாறினார். “சின்னதுல எலும்புக்கு என்றகூடச் சண்டை போடுவா” என்று சொல்லியபடி, பெரிய எலும்பாகப் பார்த்து அவள் இலையில் வைத்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ யாரா சாப்பிடப்போற? தெரேசாவா, தெய்வாவா?” என்று அதட்டினேன்.

“பேசாம இருடி. பசிக்குது” என்றாள்.

சாப்பிட்டாள். கண்ணும் மூக்கும் ஒழுகச் சாப்பிட்டாள். எதிரே மாமா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். காரம் அதிகம்தான், எனக்கும் கண்ணில் நீர் வந்தது.

ஊர் திரும்பியதும், “நோம்பு எப்பிடில இருந்துச்சு?” என்று அத்தை கேட்டாள்.

“அருமையான நோம்புக்கா” என்றார் அப்பா. நான் வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு முறுக்கைத் திணித்தாள்.

ஒரே ஒரு எழுத்தைத் தொலைத்து மூன்று பெரியவர்களை ஏமாற்றினேன் என்று நெடுங்காலம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். என் மகள் பிறந்தபோது, குழந்தை பார்க்க வந்திருந்த அப்பாவிடமும் சொன்னேன். பேத்தியை மடியில் ஆட்டிக்கொண்டே அப்பா சிரித்தார்.

“போடி இவளே. வருசா வருசம் நோம்பி நோம்பின்னு உங்கம்மா பானைகிட்டப் பேசுனது எனக்குக் கேக்காதா? நான் என்ன செவிடா? உங்க அத்தைக்குத்தான் தெரியாது. என் நோம்பு நாப்பது நாளு. நான் அவளைக் கூட்டிட்டு வந்த அன்னையில இருந்து அவ இருந்தாளே, அதுக்கு என்ன பேரு வைக்க?”

அந்த வருஷத்து ஈஸ்டர் நினைவுக்கு வந்தது. அம்மா எங்களோடு உட்கார்ந்து, தானே கறி எடுத்துப் போட்டுக்கொண்டாள். “ஒனக்குத்தான் ஆவாதே!” என்றாள் அத்தை. “இப்ப ஆகுதுங்க மதினி” என்றாள் அம்மா.

என் பங்கு குறைந்த கவலையில் நான் இருந்தேன். அம்மாவின் வயிற்றுக் கோளாறைக் குணமாக்கியது கீழ்நாட்டு ஆடுதான், அது தின்கிற தழையில் ஏதோ மருந்து இருக்கிறது என்று அத்தைக்கு விளக்கினேன். அத்தையும் ஆமாம் என்றாள். அதற்குப் பிறகு லயத்தில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் கொழிஞ்சாம்பாறை ஆட்டைத்தான் நான் சிபாரிசு செய்தேன்.