வார்டிலின் செம்புப் பாய்லர்

க்ளிஃப் வார்டில் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது இங்கிலாந்தின் டெர்பி ஊரில் அவரோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். ரயில்வே பட்டறையில் நாற்பது வருடம் லேத்தில் நின்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே தோட்டத்து ஷெட்டில் சொந்தமாக ஒரு லேத்தைப் போட்டு, நிஜ வண்டியில் பதினொன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு நீராவி எஞ்சின் செய்ய உட்கார்ந்தார். அலமாரியில் வைக்கிற பொம்மை இல்லை. கரி தின்று, தண்ணீர் கொதித்து, பின்னால் ஆறு பேரை இழுத்துக்கொண்டு ஓடவேண்டிய வண்டி.

பதினோரு வருடம் ஆயிற்று. முதல் ஓட்டத்தில் முதல் ஆளாக மனைவி பெரிலைத்தான் ஏற்றுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். பெரிலுக்கு அக்டோபரில் இடுப்பு ஆபரேஷன். அதற்கப்புறம் எஞ்சினுக்குப் பின்னால் இழுபடும் அந்த மாதிரித் தாழ்ந்த தட்டுவண்டியில் காலை விரித்து உட்காரவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே செப்டம்பர் முதல் ஞாயிறு, மாடல் எஞ்சின் சங்கத்து ஓட்டம். அதை விட்டால் இல்லை.

வண்டி எப்போதோ ஓடியிருக்கும். குறுக்கே வந்தது ஓர் ஆணி. பிப்ரவரியில் சங்கத்து டீக்கொட்டகையில், எல்லாருக்கும் முன்னால், சங்கத்து ரேமண்ட் டாப்சன், க்ளிஃப் கொண்டுவந்திருந்த கரித்தொட்டியின் ஓரத்து ஆணிகளை விரல் வைத்து எண்ணினார்.

"எத்தன ஆணி வச்சிருக்க க்ளிஃப்?"

"பதினொண்ணு."

"நிஜ வண்டில பன்னெண்டுப்பா. கண்ணாடிய மாத்து."

கொட்டகையே சிரித்தது. க்ளிஃப் வீட்டுக்கு வந்து நிஜ வண்டியின் பழைய போட்டோவை எடுத்து எண்ணினார். பன்னிரண்டுதான். டாப்சன் சொன்னது தப்பாக இருந்திருந்தால் மன்னித்திருப்பார். சரியாக இருந்துவிட்டதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பாய்லருக்குச் சான்று இல்லாமல் சங்கத்தில் வண்டி ஓட்ட முடியாது; அதைக் கொடுப்பவரும் அதே டாப்சன்தான். நெருப்புப் பெட்டியைச் சுற்றி உள்ளே இருக்கும் தாங்குகம்பிகளை, பின்தகடு வைத்து மூடுவதற்கு முன்னால் அவர் வந்து பார்க்கவேண்டும் என்பது விதி. "அவன் வந்து என் ஷெட்ல மூக்க நுழைக்கணுமாக்கும்!" என்று மார்ச் மாதம் க்ளிஃப் பாட்டுக்குப் பின்தகட்டை வைத்து மூடி, வெள்ளிப் பற்றை உருக்கி ஒட்டிவிட்டார்.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை காலையில் க்ளிஃப் ஷெட்டிலேயே சோதனை; டாப்சன் வந்திருந்தார். பாய்லரில் தண்ணீர் நிரப்பி, ஓடும்போது தாங்கவேண்டியதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்றினார்கள். அரைமணி நேரம் ஊசி அசையவில்லை. ஒரு சொட்டு கசியவில்லை.

"போடு கையெழுத்த," என்றார் க்ளிஃப்.

டாப்சன் பேனாவைத் திரும்பப் பையில் செருகினார். "உள்ள நான் பாக்கலயே. எப்ப மூடின?"

"மார்ச்ல."

"என்னக் கூப்பிடல."

"ஊசி நின்னுச்சா இல்லயா?"

"நின்னுச்சு. ஆனா பின்னால புள்ளைங்க உக்காரப் போகுது. பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. கொஞ்சம் பொறு, செயலாளர்கிட்ட பேசறேன், சின்னக் கேமரா ஏதாச்சும் உள்ள விட்டு..."

க்ளிஃப் காதில் அது எங்கே ஏறியது? அவருக்கு டீக்கொட்டகைச் சிரிப்புதான் கேட்டது. சுவரிலிருந்து ரம்பத்தை எடுத்தார். "பாக்கணும், அவ்வளவுதான? பாரு."

"யோவ், கிறுக்கா! நிறுத்துய்யா!"

செம்பு ஒரே இழுப்பில் அறுபடுகிற சாமான் இல்லை. சுற்றி வர கால்மணி நேரம் பிடித்தது. யோசித்துக் கையை எடுக்கக் கால்மணி நேரம் தாராளம். மனிதர் எடுக்கவில்லை. டாப்சனும் கத்தினாரே ஒழிய அந்த ரம்பத்தைப் பிடுங்கி எறியவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

பாய்லர் இரண்டாக விழுந்தது. டாப்சன் டார்ச்சைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தார். ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளிப் பற்று மோதிரம் போட்டதுபோல ஓடி நிறைந்திருந்தது. ஒன்றில்கூடக் குறை இல்லை.

"இப்பிடி ஒரு வேலய என் ஆயுசுல பாத்ததில்லப்பா," என்றார், நிஜமாகவே.

"இப்ப போடு கையெழுத்த."

"எதுலய்யா போட? பாய்லர் எங்க இருக்கு?"

அப்போதுதான் க்ளிஃப் கீழே பார்த்தார். வாதத்தில் ஜெயித்திருந்தார். கையில் ரம்பம் இருந்தது.

பெரில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மறுகையில் டீ பிளாஸ்க்கோடு வந்து வாசலில் நின்றாள். இரண்டு துண்டுகளையும் பார்த்தாள். "ஒட்ட முடியாதா ரேமண்ட்?"

"முடியாது பெரில். புதுசுதான். தகடு வாங்கி, வளச்சு, ஒரு வருஷமாவது ஆகும்."

பெரில் பிளாஸ்க்கை லேத்தின் மேல் வைத்தாள்.

"பதினோரு வருஷமா வண்டி லேட்டுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன் க்ளிஃப்," என்றாள். "ரத்து பண்ணப்போறன்னா என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."