பாய்லர் ஜோவின் நாற்பத்து மூன்று நிமிடங்கள்

மார்ட்டன்ஸ் பெண்ட் என்ற எங்கள் உருக்காலை ஊரில் ஒரு வதந்திக்கு இப்போது இருபத்தாறு வயது. 1957 நவம்பர் முதல் தேதி வானொலியில் அறிவிப்பு செய்த பாய்லர் ஜோ குடித்துவிட்டு ஒலிபரப்பு அறையில் சாய்ந்துவிட்டான், பொழுது இறங்கிய பிறகும் நிலையம் பாடிக்கொண்டே இருந்தது, அதனால்தான் வேலை போனது என்பதே அந்த வதந்தி. குடித்தது என்ன என்பதில்தான் ஊருக்குள் கருத்து வேறுபாடு. மதுக்கடையில் கேட்டால் விஸ்கி. தேவாலயத்துப் பெண்களிடம் கேட்டால் பூசைக்கு வைத்திருந்த திராட்சை மது. குடியே தொடாத மெதடிஸ்ட் சபையாரிடம் கேட்டால் இருமல் மருந்து. எல்லோருமே நேரில் பார்த்தவர்கள். அந்த அறையோ இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் கதவுக்கு வெளியே நிற்கவேண்டிய அளவுதான்.

இதைச் சரிபார்க்க இவ்வளவு நாள் உள்ளூர்ப் பத்திரிகைக்காரனான எனக்கும் தோன்றவில்லை. போன மாதம் ஜோ இறந்துபோனார். அவருடைய பெயரை ஸ்லோவாக் குடியேறிகளின் மன்றத்துச் சுவரில் பித்தளையில் பொறிக்கவேண்டும் என்று நூற்று நாற்பது நேயர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சுவரில் போரில் இறந்தவர்கள், இரண்டு பாதிரியார்கள், மாநில அளவில் பந்து உருட்டி வென்ற ஒருவர் என்று பதினேழு பெயர்கள் ஏற்கெனவே உண்டு. மன்றத் தலைவர் ஸ்டான்லி ஹூடாக் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "குடிகாரன் பேரு இந்தச் சுவத்துல ஏறாது" என்றார். மன்றம் நடப்பதே பீர் விற்ற வருமானத்தில்தான் என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு என்று முடிவானது.

மறுநாள் ஜோவின் மனைவி வெரோனிகா பத்திரிகை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் பொட்டலம். பிரித்தால் கசகசா ரொட்டிச் சுருள்.

"லஞ்சம்னு நெனைச்சுக்கோங்க. அவர் குடிச்சாரா இல்லையான்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க."

"உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"இருபத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தேன். இஞ்சி சோடாவைத் தாண்டி எதையும் தொட்டுப் பாத்ததில்ல. அவங்கப்பா குடிச்சதே குடும்பத்துக்குப் போதும்னுவார். ஆனா பொண்டாட்டி சொன்னா ஸ்டான்லி ஏத்துக்குவானா? அன்னிக்கு என்னதான் நடந்துச்சுன்னு கேட்டா, 'அது முடிஞ்சுபோன கதை'ன்னு எந்திரிச்சுப் போயிருவார். எனக்கு அவர் பேரு சுத்தமாகணும். அவ்வளவுதான்."

ஜோ ஜுர்கோ உருக்காலையில் கொதிகலன் பார்த்தவர். நுரையீரல் ஒத்துக்கொள்ளாமல் இருபத்தெட்டு வயதில் வெளியே வந்து, குன்றின் மேலிருந்த சின்ன வானொலி நிலையத்தில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் மதியம் அறிவிப்பாளர் வராததால், துடைப்பத்தை வைத்துவிட்டு ஒலிவாங்கி முன் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஆலையிலிருந்து எடுத்துவந்த குழாய்த் துண்டில் ஸ்பானரால் தட்டித் தாளம் போடுவார். பாட்டை விட அந்தத் தட்டல்தான் பிடிக்கும் என்றவர்களும் உண்டு. அவர் பாடுவதில்லை. அது மட்டும் ஊர் செய்த புண்ணியம்.

கறுப்பர்கள் பாடிய இசைத்தட்டுகளை பிட்ஸ்பர்க்கில் ஒரு முடிதிருத்துபவரிடமிருந்து வாங்கி வருவார். பெரிய நிலையங்கள் ஆள் விட்டுப் பார்த்துப் பெயரைத் திருடிவிடக்கூடாது என்று தட்டின் நடுவே பிளாஸ்திரி ஒட்டி மறைத்து வைப்பார். பாடியவர் யார், பாட்டின் பெயர் என்ன என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்தோம். 'கதவு தட்டுற பாட்டு', 'சலவைத்தொட்டிப் பாட்டு', 'பல்லுவலிக்காரன்'. கடைக்குப் போய், கடைக்காரர் முன்னால் நின்று முனகிக் காட்டி வாங்குவோம். பல்பொருள் அங்காடி நடத்தும் ஆக்னஸ் மிராஸ் இப்போதும் சிரிக்காமல் சொல்வார்: "பல்லுவலிக்காரனோட உண்மையான பேரு எனக்கு நாப்பது வயசுலதான் தெரிஞ்சுது. பிடிக்கவே இல்ல. பழைய பேரையே வெச்சுக்கிட்டேன்."

பள்ளி விட்டு வரும் நேரத்தில் தொடங்குவார் ஜோ. முடிவது மட்டும் அவர் கையில் இல்லை. அது பகல் நிலையம். பொழுது சாய்ந்தால் அதே அலைவரிசை தொலைதூரத்துப் பெரிய நிலையம் ஒன்றுக்குச் சொந்தம். எந்த மாதம் எத்தனை மணிக்கு மூடவேண்டும் என்று வாஷிங்டனிலிருந்து எழுதி வந்திருந்தது. கோடையில் ஜோ தாராளம். குளிர்காலத்தில் இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு இருமல், அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்ச நேரத்திலும் அட்டைகள் வாசிப்பார். இன்னாருக்காக இன்னார் விரும்பிய பாட்டு என்று பிள்ளைகள் எழுதி அனுப்பும் அட்டைகள். சூளை வேலை பார்க்கும் கிளாரன்ஸ் டிப்ஸைத் தேடிப் போனேன். ரயில் பாதைக்கு அந்தப்பக்கம், கறுப்பர்கள் வாழும் செர்ரி சந்தில் பிறந்து அங்கேயே இருப்பவர்.

"எங்க சந்து பேரு ரேடியோவுல வந்ததே அவர் வாயிலதான்" என்றார். "அதுக்கு முன்னாடி வந்திருந்தா திருட்டுக் கேஸுல வந்திருக்கும். அவரு மூணாம் தெரு ஹெலனும் செர்ரி சந்து கிளாரன்ஸும்னு ஒரே மூச்சுல வாசிப்பாரு. வெள்ளைப் பேருக்கும் கறுப்புப் பேருக்கும் நடுவுல மூச்சு விடமாட்டாரு. எங்கம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னு கேப்பாங்க."

"நவம்பர் ஒண்ணாம் தேதி குடிச்சிருந்தாரா?"

"குடிச்சவன் எப்பிடிய்யா அம்பது பேரை ஒரு தப்பில்லாம வாசிப்பான்? நாங்க எல்லாரும் ஜன்னலைப் பாத்தோம், இருட்டிருச்சு. ரேடியோவைப் பாத்தோம், பாடுது. அம்மா சொன்னாங்க, யாரும் போன் பண்ணாதீங்க, பண்ணா நிறுத்திருவாரு."

ஆக்னஸிடம் திரும்பப் போய்க் கேட்டேன். அவர் வீட்டிலும் அதே கட்டளை. விசாரித்த பதினோரு வீட்டிலும் அதுவே. அன்று சகல புனிதர் திருநாள், பள்ளிக்கூடம் விடுமுறை, வீடு நிறையப் பிள்ளைகள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரே ஒருவர் 'ஜோ, வெளிய இருட்டாயிருச்சு' என்று சொல்லியிருந்தால் போதும். அத்தனை பாசம் யாருக்கும் வரவில்லை.

நிலையத்தில் அன்று ஒலிபரப்புக் கருவி பார்த்தவர் லெஸ்டர் யோடர். எண்பத்தொரு வயது, ஆற்றுக்கு அக்கரையில் மகள் வீட்டில் இருக்கிறார். பெயரைச் சொன்னதும் காது கேட்கும் கருவியைக் கழற்றப் பார்த்தார். வெரோனிகா கேட்கச் சொன்னார் என்றதும் கை நின்றது.

"அந்தப் பொண்ணா கேட்டுச்சு?" என்றார். கருவியை மறுபடி காதில் அழுத்திக்கொண்டார். பிறகு, "ஒலிபரப்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவத்துல ஒரு தகரச் சட்டம் இருக்கும். மாசத்துக்கு ஒரு அட்டை, அதுல மூடுற நேரம் பெருசா எழுதியிருக்கும். அக்டோபர்னா அஞ்சே முக்கால். நவம்பர்னா அஞ்சு. ஜோ கடிகாரத்தையும் அந்தச் சட்டத்தையும்தான் பாப்பான்."

"அன்னிக்குச் சட்டத்துல என்ன இருந்துச்சு?"

"அக்டோபர்."

அவர் கருவிக் கொட்டகையில் இருந்தாராம். அதற்கு ஜன்னல் உண்டு. இருட்டியதைப் பார்த்தாராம். "சுவிட்சை இழுத்து அணைச்சிருக்கணும். அவன் தெரிஞ்சுதான் பண்றான்னு நெனைச்சேன். மேனேஜருக்கு அந்தப் பாட்டும் பிடிக்காது, செர்ரி சந்து பேரைச் சேத்து வாசிக்கிறதும் பிடிக்காது. ரெண்டு தடவை எச்சரிச்சாச்சு. சரி, பய இன்னிக்குத் துணிஞ்சுட்டான்னு எனக்கும் சந்தோஷம். அஞ்சு நாப்பத்து மூணுக்கு மேனேஜர் வீட்டுலேர்ந்து போன் பண்ணிக் கத்துனாரு. இழுத்துட்டேன். ஜோ வெளிய வந்து, 'ஏன்யா அணைச்சே, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே'ன்னான். நான் ஜன்னலைக் காட்டுனேன்."

"அப்புறம்?"

"ஜன்னலையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் உள்ள போனான். அக்டோபரை எடுத்துப் பின்னால சொருகிட்டு நவம்பரை முன்னால வெச்சான். 'லெஸ்டர், இதை நீ பாக்கல'ன்னான். மேனேஜர் வந்தப்போ சட்டத்துல நவம்பர் இருந்துச்சு. சட்டம் சரியா இருந்தா ஆளுதானே தப்பு? அறிவிப்பாளர் நிதானத்துல இல்லன்னு பதிவுப் புத்தகத்துல எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பிட்டாங்க."

அட்டையை மாற்றவேண்டியது யார் என்று கேட்கவேண்டியிருந்தது. கேட்டேன்.

"வாசல்ல உக்காந்து போன் எடுக்கிற பொண்ணு. ஒண்ணாம் தேதி திருநாள் லீவு. முந்தின நாளே மாத்திட்டுப் போயிருக்கணும். பத்தொம்பது வயசு. அப்பாவுக்கு ஆலையில கை போயிருச்சு. வீட்டுல அஞ்சு பேருக்கு அதோட சம்பளம்தான் சாப்பாடு. அப்ப ஜோவுக்கு அதோட 'காலை வணக்கம்' தாண்டி ஒரு பழக்கமும் கிடையாது, தெரியுமா? கல்யாணமெல்லாம் அடுத்த வருஷம்."

பத்திரிகைக்காரனுக்கு உண்மை கிடைத்தால் ஓடிவர வேண்டும். நான் பாலத்தை நடந்தே கடந்தேன். ஜோவின் பெயர் சுத்தமாகிவிட்டது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய இடம்தான் சிக்கல். கருவியில் கோளாறு, கடிகாரத்தில் கோளாறு என்று இரண்டு மூன்று பொய்களை வழியில் தயாரித்துப் பார்த்தேன். பிழைப்புக்கு இதைவிடப் பெரிய பொய்களை எழுதியிருக்கிறேன், அன்று ஒன்றும் தேறவில்லை.

வெரோனிகா காபி ஊற்றினார். "அவர் குடிக்கலம்மா. அட்டை மாறல" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

காபிக் குவளையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"வியாழக்கிழமை" என்றார் கடைசியில். "அஞ்சு மணி பஸ்ஸு. ஓடினேன். தம்பிக்கு ஹாலோவீன் வேஷத்துக்கு முகமூடி வாங்கணும். அடுத்து திங்கக்கிழமை போனா நவம்பர் இருந்துச்சு. நான்தான் மாத்தியிருக்கேன்னு நெனைச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனைச்சேன்."

"தெரியும்மா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் கோபமாக. பிறகு உட்கார்ந்தார். "அந்த மேனேஜரை நான் திட்டாத நாள் இல்ல. இவர் பேசாம கேட்டுக்கிட்டிருப்பார். இருபத்திரெண்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டுனார். வண்டியில ரேடியோ வெக்கவிடல. ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி விடிஞ்சதும் இந்த அடுப்படிக் காலண்டரை அவரேதான் கிழிப்பார். என்னைத் தொடவிடமாட்டார். கிழவனுக்குக் கிறுக்குன்னு சிரிப்பேன்."

சுவரில் காலண்டர் இன்னும் மார்ச்சில் இருந்தது. அன்று ஏப்ரல் பதிமூன்று.

"இதை எழுதணும்னு இல்லம்மா. ஸ்டான்லிகிட்ட கருவிக் கோளாறுன்னு சொல்லிக்கலாம். லெஸ்டர் ஒத்துக்குவார்."

"அவர் ஒரு பொய்யோட செத்தார். போதும்" என்றார் வெரோனிகா.

ஞாயிற்றுக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. செர்ரி சந்திலிருந்தும் பத்துப் பேர் வந்திருந்தார்கள். கிளாரன்ஸ் முதல் வரிசையில், கோட்டு போட்டு. வெரோனிகா எழுந்து, மேடைக்குப் போகாமல் நாற்காலி அருகிலேயே நின்று நான்கு வாக்கியங்களில் சொல்லி முடித்தார். அட்டையை மாத்தாதது நான். எனக்கு வேலை போயிருக்கணும். அவர் மாத்தி வெச்சு அவர் வேலையைக் குடுத்துட்டார். எனக்கு முந்தாநாள்தான் தெரியும்.

பிறகு ஆக்னஸ் மிராஸ் சொன்னார்: "எங்க வீட்டுல டெலிபோன் இருந்துச்சு. நானும் பண்ணல." கிளாரன்ஸ் தலையாட்டினார். அதற்கப்புறம் ஆளாளுக்கு, தங்கள் வீட்டிலும் டெலிபோன் இருந்ததை ஒப்புக்கொண்டார்கள். ஸ்டான்லி ஹூடாக் தன் காலணிகளை நெடுநேரம் ஆராய்ந்துவிட்டு, "எங்க வீட்டுலயும்தான்" என்றார். வாக்கெடுப்பில் எதிர்த்து ஒரு கையும் எழவில்லை.

கலையும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து டோரதி சாபோல் வெரோனிகாவைத் தேடி வந்தார். கூடவே அவர் கணவர் ரேமண்ட்.

"அன்னிக்கு ரேடியோ நின்னது என் அட்டையிலதான்" என்றார் டோரதி. "'அடுத்த பாட்டு லோகஸ்ட் தெரு டோரதிக்காக, விரும்பி அனுப்புறது'ன்னார். அதோட போச்சு. யாரு அனுப்புனதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அவர் பஸ் ஓட்டுறப்ப ஒரு நாள் கேட்டேன். வாசிச்சு முடிக்கல, கடன்தான், யோசிச்சுச் சொல்றேன்னார். எப்பவாவது உங்ககிட்ட சொன்னாரா?"

"என்கிட்டயா?" என்றார் வெரோனிகா. "இல்லம்மா."

"அனுப்புனது நான்தான்னு எத்தனை தடவை சொல்றேன்" என்றார் ரேமண்ட்.

"நீ அப்ப ஓஹையோவுல இருந்தே" என்றார் டோரதி. "கோட்டை எடு, போலாம்."