வெள்ளைத் துண்டோடு இருந்த நாட்கள்

உம்றா யாத்திரைக்குப் போகிறவர்கள் விமானத்தில் ஏறி, மக்காவுக்கான எல்லை நெருங்கும்போது மனதில் உறுதி எடுத்து நிய்யத் வைத்தால் போதும் என்று மௌலவி படித்துப் படித்துச் சொன்னவர். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கிண்ணியாவில் வீட்டிலேயே குளித்து, தைக்காத வெள்ளைத் துண்டு இரண்டையும் உடுத்து, தொழுது, நிய்யத்தை வைத்துவிட்டேன். அன்று பின்னேரமே புயல் அடித்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் பாதை உடைந்தது; விமானமும் நின்றது.

நிய்யத் வைத்தவன் இஹ்ராம் என்ற கட்டுக்குள் வந்துவிடுவான்; உம்றா முடியும்வரை சட்டை போடக்கூடாது, தலையை மூடக்கூடாது, வாசனைச் சவர்க்காரம் கூடாது, நகம் வெட்டக்கூடாது. என்னோடு வரவிருந்த மனைவி, மௌலவி சொன்னபடி நிய்யத் வைக்காமல் பொறுத்திருந்தாள். அவளுக்கு ஒரு கட்டுமில்லை. வெள்ளம் வற்றிய வீட்டில் அவள் சேறு வழிக்க, நான் மேல்துண்டை இழுத்து இழுத்துப் பிடித்தபடி கதிரைகளைக் கழுவினேன்.

நிவாரணச் சாமான் ஏற்றிய விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலால் சீனக்குடா விமானத் தளத்தில் இறங்கின. ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"காக்கா, உங்கட பிளேன் வாசலுக்கே வருது. வெளிக்கிட்டுத்தானே நிக்கிறீங்க, ஏறுங்க!"

சிரிக்கவும் களைப்பாக இருந்தது.

பள்ளிவாசல் ஜெனரேட்டரில் போனைச் சார்ஜ் பண்ணி, பயண முகவருக்கு ஒவ்வொரு நாளும் எடுப்பேன்.

"பிளேனெல்லாம் இடம் மாறிக் கிடக்கு ஹாஜியார். எயார்போட்டில படுத்துக் கிடக்கிற சனத்தைத்தான் முதல்ல ஏத்துறாங்க."

ஏழாம் நாள் அவரே எடுத்தார். "நாளைக்கு ஒரு சீட் இருக்கு. ஒண்டுதான். நீங்க இஹ்ராமோட இருக்கிறீங்க எண்டு சொல்லிக் கேட்டு வாங்கினன்."

மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள். இந்தப் பயணத்துக்கு முதலில் ஆசைப்பட்டவள் அவள்.

"நீங்கதானே கட்டுப்பட்டிருக்கிறீங்க, போங்க" என்றாள். "எனக்கு அல்லாஹ் எழுதினா பிறகு கிடைக்கும்."

முகவரிடம் கேட்டேன்: "ரெண்டு பேருக்கும் எப்ப கிடைக்கும்?"

"அது சொல்லேலாது."

முதுகு அரித்தது. நாளைக்கே புறப்பட்டால் இந்தக் கோலம் முடியுமே என்று மனம் போனது. பொய் சொல்ல மாட்டேன். கையில் சேற்றோடு நின்றவளைப் பார்த்தேன்.

"அதை வேற ஆளுக்குக் குடுங்க. ரெண்டும் சேர்ந்து வரட்டும்."

அவள் என் மாற்றுத் துண்டை வெறும் தண்ணீரில் அலசிக் கொடியில் விரித்தாள். பிறகு, "அவசரப்பட்ட மனிசனுக்கு இது காணும்" என்றாள்.

இன்னும் ஆறு நாள் சென்ற பிறகுதான் இரண்டு சீட்டும் சேர்ந்து கிடைத்தன. விமானத்தில் எல்லை நெருங்குவதாக அறிவித்தபோது அவள் ஆறுதலாக நிய்யத் வைத்தாளாம். நான் நித்திரையாகிப் போயிருந்தேன்.