மூண்டாம் மாடி மொப் அறை

மூண்டாம் மாடியில நிலம் துடைக்கிற மொப் வைக்கிற அறையின்ர கதவு எவ்வளவு அகலம் எண்டு என்னை நித்திரையால எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். சரியா மூண்டு சாண். என்ர சாண். அளவு நாடா ஒண்டு வேலையிடத்தில தந்தவைதான். அதில இருக்கிற சின்னச் சின்னக் கோடுகளோட எனக்கு எப்பவும் பிரச்சினை. அங்கால நிண்டு பாத்தால் ஒண்டு சொல்லும், இஞ்சால நிண்டு பாத்தால் வேற சொல்லும். கை அப்பிடிச் செய்யாது. நான் மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்ட ஆள். தமிழ் எழுதுவன், மெதுவா. இங்கிலீசு கதைப்பன், வாசிக்கிறது கடை போர்டு அளவுக்குத்தான்.

நான் வேலை செய்தது வடமேற்கு லண்டனில ஒரு கொலிஜ். முதல் க்ளீனர், பேந்து கெயார்டேக்கர். கிங்ஸ்பரியில இருந்து ஒரே பஸ். பஸ்ஸில எனக்கு எண்டு ஒரு சீற் இருந்தது, கீழ்த்தட்டில ஹீற்றர் பக்கத்தில. அதில வேற ஆள் இருந்தால் அண்டைக்கு முழுக்க எனக்குக் கால் குளிரும். அது வேற கதை.

கொலிஜில பழைய பக்கம் செங்கல்லு. கீழ ஒரு நிலக்கீழ்த் தட்டு, பொயிலர் எல்லாம் அங்க. புதுப் பக்கம் பிறகு கட்டினது, அது முழுக்கக் கண்ணாடி. படிக்கட்டு கீழ இருந்து மூண்டாம் மாடி வரைக்கும் கண்ணாடிக்குள்ளாலதான் ஏறும். வெயிலுக்கு நல்ல வடிவு. துடைக்கிறவனைக் கேட்டால்தான் தெரியும்.

நான் வேலைக்குச் சேந்த முதல் கிழமை நெருப்பு ட்ரில் வந்தது. ட்ரில் எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை, இல்லாட்டிச் சொன்னது விளங்கேல்லை. என்னோட சேந்து மன்னார்ப் பெடியன் ஒருத்தன் க்ளீனிங் செய்தவன். பெடியன் எண்டு சொல்லிப் பழகீட்டுது, இப்ப அவனுக்கு ரெண்டு பேரப்பிள்ளையள். மணி அடிச்சுது. சனம் எல்லாம் வாசலுக்குப் போகுது. நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கதையும் கதைக்கேல்லை. மொப்பைப் போட்டிட்டு நிலக்கீழ்த் தட்டுக்கு ஓடினம். பொயிலருக்குப் பின்னால குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு கிடந்தம். அவன் செபமும் சொன்னவன்.

ஊரில சைரன் கேட்டால் அதுதான் பழக்கம். குண்டு போடுற பொம்பர் வந்தால் ஆராவது வெளியால போய் வரிசையில நிப்பினமோ?

வெளியால கார்பார்க்கில தலை எண்ணிப் பாத்தால் ரெண்டு குறையுது. அரை மணித்தியாலம் தேடி, கடைசியில மனேஜர் டோர்ச் அடிச்சுக்கொண்டு வந்தார். மன்னார்ப் பெடியன் அவரைக் கண்டதும் கேட்டான், "சேர், போயிட்டாங்களோ?"

அண்டையில இருந்து எனக்கு அங்க பேர் பங்கர், பதுங்குகுழி. மனேஜரே கூப்பிடுவார், "மோர்னிங், பங்கர்" எண்டு. நான் கோவிக்கிறேல்லை. ஆனால் பேந்து வந்த ஒவ்வொரு ட்ரில்லிலயும் முதல் ஆளா வெளியால போய், கார்பார்க்கில தலை எண்ணுற பச்சைப் போர்டுக்குக் கீழ நிண்டனான். பிழை எண்டு ஒருக்காச் சொன்னால் எனக்குக் காணும்.

இப்பிடிக் கனகாலம் போச்சுது. கடைசிக் காலத்தில, நான் பென்சன் எடுக்க ரெண்டு வருசம் இருக்கேக்க, இன்சூரன்ஸ்காரர் கேட்டவை எண்டு மனேஜர் ஒரு கூட்டம் வைச்சார். சுழல்காத்து வந்தால் கொலிஜ் என்ன செய்யும் எண்டு எழுத்தில வேணுமாம். எங்களுக்குச் சிரிப்பு. லண்டனில சுழல்காத்தோ எண்டு மன்னார்ப் பெடியன் எனக்கு மட்டும் கேக்கக் கேட்டான். ஆனால் வரும். பெரிசா இல்லை, ஒரு தெருவை மட்டும் பிடிக்கும். முந்தி ஒருக்கா இந்தப் பக்கத்திலயே வந்து வீட்டு ஓடுகளை வாரிக்கொண்டு போனது.

அதுக்கெண்டு வெளியில இருந்து ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை வந்தா. மஞ்சள் ஜாக்கெட், கையில ஒரு போர்ட். கட்டடம் முழுக்கக் கதவுத் திறப்புகளோட கூட்டிக்கொண்டு போனது நான்தான், மனேஜரும் பின்னால வந்தார். போகப் போகச் சொல்லிக்கொண்டு வந்தா. நெருப்பு எண்டால் வெளியால போகோணும். காத்து எண்டால் போகக்கூடாது. கீழ இறங்கோணும். உள்ளுக்கு, யன்னல் இல்லாத இடத்தில, சுவரோட ஒட்டிக் குந்தி, தலையைக் கையால மூடோணும்.

நான் மனேஜரைப் பாத்தன். அவர் நிலத்தைப் பாத்தார்.

"உங்கட கட்டடத்தில எந்த இடம் நல்லம்?" எண்டு அவா கேட்டா.

"பொயிலருக்குப் பின்னால இருக்கிற நடை ஓடை," எண்டன். "நான் படுத்துப் பாத்திருக்கிறன்."

மணி நெருப்புக்கு மட்டும் எண்டு முடிவாச்சு. காத்துக்கு விசில். மணி கேட்டால் வெளியால, விசில் கேட்டால் உள்ளுக்கு. எங்கள் ஒவ்வொருத்தருக்கும் கழுத்தில போட ஒரு விசில் தந்தவை. மன்னார்ப் பெடியன் அதைச் சிலுவையோட சேத்து ஒரே கயித்தில போட்டுக்கொண்டு திரிஞ்சான்.

எல்லாம் சரி. ஒரு ஆள் மட்டும் அந்தத் திட்டத்துக்குள்ள வரேல்லை.

மூண்டாம் மாடியில பரீட்சை நடத்துற சோதனைப் பகுதியில ஒரு பிள்ளை வேலை செய்தவா. பிள்ளை எண்டால் நாப்பது வயசு வரும், அந்தப் பகுதிக்கே அவாதான் பெரியவா. தாய் தகப்பன் யாழ்ப்பாணம், அவா கைக்குழந்தையா இஞ்ச வந்தவா. சின்னனில கார் மோதி, சக்கரக் கதிரையிலதான் எல்லாம். ட்ரில்லில லிஃப்ட் ஓடாது. அதால அவா மூண்டாம் மாடிப் படித்தலைப்பில, நிலத்தில ஒரு பெட்டி கீறின இடத்தில நிண்டு, நெருப்புப் படை வருமட்டும் காத்திருக்கோணும். அந்தப் படித்தலைப்புக்கு மூண்டு பக்கமும் கண்ணாடி. நெருப்புக்கு அது சரி. காத்துத் திட்டத்திலயும் அதையே அப்பிடியே எழுதி வைச்சுப்போட்டாங்கள். காத்து வந்தால் முழுக் கொலிஜும் நிலத்துக்குக் கீழ, இந்தப் பிள்ளை மட்டும் கண்ணாடிக்கு முன்னால.

மனேஜரிட்டைச் சொன்னன். "ரிவியூவில பாப்பம்," எண்டார். ரிவியூ எண்டால் அடுத்த வருசம்.

மூண்டாம் மாடியில யன்னல் இல்லாத அறை ஒண்டுதான், மொப் அறை. நாலு பக்கமும் கொங்கிறீற்று. நான் அவாவின்ர ஒபிசுக்குப் போய்க் கேட்டன்.

"பிள்ளை, உங்கட கதிரையை ஒருக்கா அளக்கட்டோ?"

"என்ன அங்கிள், எனக்குச் சட்டை தைக்கப் போறீங்களோ?"

விசயத்தைச் சொன்னன். சக்கரத்துக்குச் சக்கரம் சாண் போட்டுப் பாத்தன். மூண்டு சாணுக்கு ரெண்டு விரல் குறைவு. அப்ப கதவுக்குள்ளால போகும்.

"போகும், ஆனால் நான் போகேல்லை," எண்டா. முகம் மாறீட்டுது. "எல்லாரும் கீழ ஒண்டா இருப்பினம். நான் மட்டும் மொப்போட, வாளியோட. சொரி அங்கிள். படியில நிண்டால் மனிசர் எண்டாவது தெரியும்."

அவா சொன்னது நியாயம். மேல வேலை எண்டால் நான் தேத்தண்ணி குடிக்கிறதே மொப்புகளுக்கு நடுவிலதான், எனக்கு அது ஒரு குறையா எப்பவும் தெரிஞ்சதில்லை. எண்டாலும் அந்தக் கிழமையே மொப் அறைக்குள்ள சுவரில இருந்த தட்டைக் கழட்டினன். நிலம் கழுவுற மருந்துப் போத்தல் எல்லாத்தையும் ரெண்டாம் மாடிக்கு இறக்கினன். ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. மொப்புகளை மட்டும் ஒரு மூலையில விட்டன், அதுகளை வைக்க வேற இடமில்லை.

காத்து வந்தது ஒரு பனிக்காலத் தொடக்கத்தில, காலமை பதினொரு மணி போல. மழை விடியவே துவங்கீட்டுது. நான் கீழ நனைஞ்ச கால்பாயை மாத்திக்கொண்டு நிண்டனான். வெளிச்சம் ஒரு மாதிரிப் போச்சுது, பழைய செம்பு நிறம். பிறகு மழை நிலத்துக்கு விழாமல் பக்கப்பாட்டுக்கு ஓடத் துவங்கினது. கரண்ட் ஒருக்காப் போய் வந்தது, அதோட நெருப்பு மணி தானா அடிக்கத் துவங்கீட்டுது.

மணி எண்டால் சனத்துக்கு வெளியாலதான். ஆயிரம் ட்ரில் பழக்கம். நூறு பேர் படியால இறங்கி வாசலுக்கு வருகினம். மன்னார்ப் பெடியன் கதவில முதுகைக் குடுத்துக் கையை விரிச்சுக்கொண்டு நிண்டு விசிலை ஊதினான்.

"கீழ! எல்லாரும் கீழ!" எண்டு தமிழில கத்தினான். பேந்துதான் இங்கிலீசு ஞாபகம் வந்தது அவனுக்கு. என்னைக் கண்டிட்டு, "அண்ணை, இஞ்ச வாங்கோ, தனிய ஏலாது!"

"மேல ஒரு ஆள் நிக்குது தம்பி."

காத்துக்கு என்ர வேலையும் அந்த வாசலை மறிக்கிறதுதான். எழுத்தில இருந்தது. ஆனால் நான் படியில ஏறினன். லிஃப்ட் கீழ வந்து நிண்டிட்டுது. சனம் இறங்குது, நான் மட்டும் மேல, கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு. என்ர முழங்கால் அப்பவே சரியில்லை. ரெண்டாம் மாடியில ஒருக்கா நிண்டன். கண்ணாடியில கை வைச்சுப் பாத்தன். அது அசையுது. பெரிய மிருகம் ஒண்டு மூச்சு விடுற மாதிரி உள்ளுக்கும் வெளிக்கும்.

அவா மேல பெட்டி கீறின இடத்தில, நடுவில, பிரேக் போட்டுக்கொண்டு இருந்தா. மடியில கைபாக்.

"ஏன் அங்கிள் வந்தனீங்கள்? நான் இஞ்சதான் நிக்கோணும். பேப்பரில இருக்கு."

"கண்ணாடியைப் பாருங்கோ."

"பாத்தன்."

"பிறகென்ன?"

எனக்கு மூச்சு வாங்குது, கெஞ்சவும் தெரியேல்லை. "மொப்பை நான் வெளியால எறியிறன்," எண்டன். "வாளியையும் எறியிறன். நீங்கள் உள்ளுக்க போங்கோ, நான் வெளியால நிக்கிறன்."

"விசர்க் கதை கதையாதேங்கோ," எண்டா. பிரேக்கை எடுத்துப்போட்டுத் தானே திருப்பினா.

கதிரை மொப் அறைக் கதவில வந்து இறுகீட்டுது. மூண்டு சாண், ரெண்டு விரல் குறைவு, என்ர கை பிழைக்காதே. பிடிச்சுத் தள்ளினன். அவா கத்தினா. அப்பதான் பாக்கிறன், சக்கரத்தை உருட்டின அவாவின்ர விரல் ரெண்டு பக்கமும் கதவு நிலையோட நெரிபடுது.

"சக்கரத்தை அளந்தீங்கள் அங்கிள், என்ர கையை அளந்தனீங்களோ?"

கையை மடிக்கு எடுத்தா. பிறகு முன்னுக்குக் குனிஞ்சு, நிலையை உள்பக்கத்தால பிடிச்சு ஒரு இழுவை. உள்ளுக்க போயிட்டா. நானும் போய்க் கதவைச் சாத்தினன். மொப்பை எறிய நேரமிருக்கேல்லை.

சத்தம் ரயில் மாதிரி எண்டு சொல்லுவினம். எனக்கு அப்பிடிக் கேக்கேல்லை. ஆரோ மேல இரும்புக் கட்டிலை இழுத்துக்கொண்டு போற மாதிரி. நான் பழக்கத்தில வாயைத் திறந்துகொண்டு குந்தியிருந்தன். அவா விரலை வாயில வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தா.

"ஏன் வாயைத் திறந்திருக்கிறீங்கள்?"

"காது வெடிக்காமல் இருக்க."

கொஞ்சம் யோசிச்சுப்போட்டு அவாவும் திறந்தா. அஞ்சு நிமிசம் இருக்கும், ரெண்டு பேரும் அப்பிடியே, ஒரு மொப் அவாவின்ர தோளில சாஞ்சபடி.

கதவைத் திறந்து வந்தால் படிக் கண்ணாடி ஒண்டும் உடையேல்லை. ஒரு கீறல் கூட இல்லை. அவா அதைப் பாத்தா, நெரிஞ்ச விரலைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"கண்ணாடி உடையேல்லை அங்கிள்."

"ஓம்."

"இனிமேல் என்ன செய்யப்போறீங்கள்?"

"அடுத்த முறையும் வருவன்."

கீழ கார்பார்க்கில சைக்கிள் விடுற கொட்டிலின்ர தகரக் கூரை கழண்டு போய், தலை எண்ணுற பச்சைப் போர்டில மடிஞ்சு கிடந்தது. அதுக்குக் கீழ ஒருத்தரும் நிக்கேல்லை. எல்லாரும் பொயிலர் ஓடையில. மன்னார்ப் பெடியனுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு, ரெண்டு நாள் கதைக்கேல்லை. அந்த ரெண்டு நாளும் எங்களுக்கு நிம்மதி.

அடுத்த கிழமை மனேஜர் என்னைக் கூப்பிட்டார். கேக்காமல் தட்டைக் கழட்டினது ஒண்டு, வாசலை விட்டுப் போனது ஒண்டு. அவரில பிழையில்லை, நான் இல்லாமல் வாசலில ஒருத்தன் தனிய நிண்டவன்தான். நான் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருந்தன். அப்ப கதவு திறந்து அந்தப் பிள்ளை உருட்டிக்கொண்டு வந்தா. விரலில பிளாஸ்டர். மேசையில ஒரு கடிதத்தை வைச்சா. மனேஜர் வாசிச்சார். எனக்கு விளங்காதெண்டு அவா தமிழில சொன்னா.

"அந்த அறையை எனக்குத் தரச் சொல்லி எழுதியிருக்கிறன். மொப் அங்க இருக்கக்கூடாது. கதவு அகலமாகோணும். கதிரை போட்டு இன்னும் நாலு பேர் இருக்கலாம், காத்துக்குக் கீழ போக ஏலாத ஆக்கள் மூண்டாம் மாடியில நான் மட்டும் இல்லை. ஒரு டீச்சருக்கு இப்ப வயித்தில பிள்ளை."

செய்ய நாலு மாசம் எடுத்தது. மொப்பும் வாளியும் நிலக்கீழ்த் தட்டில என்ர தேத்தண்ணி மூலைக்கு வந்திட்டுது, கேத்திலுக்கு இடமில்லாமல் போச்சு. புதுக் கதவு போட்ட அண்டைக்கு அவா என்னை மேல கூப்பிட்டா.

"அளவுங்கோ அங்கிள்."

கதவு நாலு சாணுக்குக் கொஞ்சம் குறைய. பிறகு கதிரைக்குக் குனிஞ்சன். அவா சக்கரத்தில ரெண்டு கையையும் வைச்சு முழங்கையை விரிச்சுக் காட்டினா. விரல், முழங்கை எல்லாம் சேத்து அளந்தன். காணும், தாராளமாப் போகும் எண்டன்.

அவா உருட்டிக்கொண்டு உள்ளுக்க போய், அங்கயே ஒரு வட்டம் சுத்தித் திரும்பி வந்தா.

"இன்னும் மொப் மணக்குது," எண்டா.

நான் கீழ போய் எலுமிச்சை மருந்தும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்தன்.